நிழல் விழாத நண்பகலும் பதினோரு விநாடிக் குரலும்!

“டீச்சர், எங்கண்ணனும் உங்க தீவுப் பக்கந்தான் வரப்போறான். ஏஜென்ட்கிட்ட முன்பணம் கட்டியாச்சு. நீங்க அனுப்புன கடல் போட்டோவத்தான் ஸ்டேட்டஸ்ல வச்சிருக்கான்!”

பதினோரு விநாடிக் குரல் பதிவு அது. பேசியவள் எட்டாம் வகுப்பு மாணவி. அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். கேட்ட எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

அப்போது நான் மாலத்தீவின் தென்பகுதியில், ஹுவது என்ற பவளத்தீவுக் கூட்டத்தில், ஒரு சின்னத் தீவில் இருந்தேன். அரை மணி நேரம் நடந்தால் முழுத் தீவையும் சுற்றி வந்துவிடலாம். ஒரு பள்ளி, ஒரு பள்ளிவாசல், ஒரு சுகாதார மையம், நான்கைந்து கடைகள். அந்தப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை.

போன கதை

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தனியார் பள்ளியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். கொரோனா காலத்தில் கணவரின் கடை மூடியது. கடன் மட்டும் மூடவில்லை. மாலத்தீவுப் பள்ளிகளில் பல வருடங்களாகவே இந்திய ஆசிரியர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அங்கே பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. தெரிந்த ஆசிரியை ஒருவர் விளம்பரம் வந்ததைச் சொன்னார். ஆன்லைனில் நேர்காணல் நடந்தது. வேலை ஒப்பந்தமும் வேலை அனுமதிக் கடிதமும் கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட் எடுத்தேன். ஒன்பது வயது மகனை அம்மாவிடம் விட்டேன்.

கடைசி நாள் வகுப்பில் பிள்ளைகள் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். “எங்கள மறந்துருவீங்க டீச்சர்” என்றான் ஒருவன். அவன் வாயை அடைப்பதற்காக ஒரு வாக்குக் கொடுத்தேன். “வாரா வாரம் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல உங்களோடதான் இருப்பேன்.”

கொடுத்த பிறகுதான் அது எவ்வளவு வசதியான வாக்கு என்று தெரிந்தது. மாலத்தீவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. இங்கே 3.10 என்றால் அங்கே 2.40. சாப்பிட்டு முடித்துக் கடற்கரைக்கு வந்தால், ஊரில் என் வகுப்பு எனக்காகக் காத்திருக்கும். தமிழ் டீச்சர் அக்கா தன் போனை ஒரு சின்ன ஸ்பீக்கரில் மாட்டி மேஜைமேல் வைத்துவிடுவார். என் குரல் பதிவு முதலில் ஓடும். பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கேள்வி அனுப்புவார்கள்.

மாசியும் சோழியும்

முதல் சில வாரம் எல்லாமே ஆச்சரியம்தான். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் மாலே. கடலுக்கு நடுவே ஒரு தீவையே விமான நிலையமாக்கி இருக்கிறார்கள். இறங்கும்போது ஜன்னலில் தண்ணீர் மட்டும்தான் தெரியும். அங்கிருந்து தெற்கே இன்னொரு விமானம், பிறகு படகு.

அந்தப் படகுக்குப் பெயர் ‘தோணி’ என்று சொன்னபோது வகுப்பே சிரித்தது. தூத்துக்குடித் தோணி தெரியாத பிள்ளை அங்கே யார்? நம் துறைமுகத்திலிருந்து தோணிகளில் காய்கறியும் கட்டுமானப் பொருளும் மாலத்தீவுக்குப் போவது பழைய வழக்கம். “டீச்சர், எங்க தாத்தா மாலத்தீவுக்குத் தோணியில போயிருக்காரு” என்று ஒரு பையன் எழுந்து நின்று சொன்னானாம். அதுவரை யாரும் அவன் தாத்தாவைப் பற்றிக் கேட்டதில்லை.

நாம் சம்பலுக்கு இடிக்கிற மாசி இருக்கிறதே, அதுவும் அங்கேதான் பேர்போனது. சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, கட்டையாகும்வரை காயவைக்கிறார்கள். அவர்களுடைய திவெஹி மொழியில் ‘மஸ்’ என்றால் மீன். காலைச் சாப்பாடு மஸ் ஹுனி: சூரை, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் போட்டுப் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு தருவார்கள். முதல் நாள் சாப்பிட்டபோது ஆச்சி வைத்த மாசிச் சம்பல் ஞாபகம் வந்து கண் நிறைந்துவிட்டது.

பல்லாங்குழி ஆடுகிற சோழியின் கதையையும் சொன்னேன். ஒரு காலத்தில் மாலத்தீவின் பெரிய ஏற்றுமதியே சோழிதான். தென்னை ஓலைகளைக் கடலில் மிதக்கவிடுவார்கள். சோழிப் பூச்சிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். வங்காளத்தில் அது பணமாகவே செல்லுபடியானது. சோழியைக் கொடுத்து அரிசி வாங்கினார்கள். ராஜராஜ சோழன் கைப்பற்றியதாகக் கல்வெட்டு சொல்லும் ‘பன்னீராயிரம் பழந்தீவு’ இந்தத் தீவுகள்தான் என்பது வரலாற்று ஆய்வாளர்களின் கருத்து. உண்மையில் தீவுகளின் எண்ணிக்கை 1,192. மக்கள் வசிப்பவை 200க்கும் குறைவு.

வெள்ளை மணலின் ரகசியத்தைச் சொன்ன வாரம்தான் வகுப்பில் பெரிய கூச்சல். கிளியின் அலகு போன்ற வாயுள்ள கிளிமீன், பவளப்பாறையைச் சுரண்டித் தின்கிறது. பாசியைச் செரித்துக்கொண்டு, சுண்ணாம்பை மணலாக வெளியேற்றுகிறது. “அப்போ நீங்க நிக்கிறது மீன் ‘போன’ எடமா டீச்சர்?” என்று ஒரு குரல். அந்தக் கேள்விக்கு நான் மதிப்பெண் போட்டிருந்தால் நூற்றுக்கு நூறு.

இப்படிப் பேச்சோடு படமும் போனது. நீலக் கடல், பச்சைக் கடல், மஞ்சள் வெயில், நடுவில் நான். எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டிருந்தேன். யாருக்குத்தான் அழுமூஞ்சிப் படம் அனுப்பத் தோன்றும்? அந்தப் படங்களைத்தான் அவள் அண்ணன் ஸ்டேட்டஸில் வைத்தான்.

படத்தில் வராதவை

அன்றிரவே அவள் அம்மாவிடம் பேசினேன். பையனுக்கு இருபத்தொரு வயது. டிப்ளமோ முடித்து வீட்டில் இருந்தான். ஒன்றரை லட்சம் பேச்சு. இருபதாயிரம் கொடுத்தாயிற்று. மீதிக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகக் காத்திருந்தது.

“விசிட் விசாவுல கூட்டிட்டுப் போயி, அங்க போனதும் வேலை பெர்மிட்டா மாத்திருவாங்களாம் டீச்சர். விசாவுக்கே அம்பதாயிரம் ஆகுமாம்.”

எனக்குப் பகீர் என்றது. மாலத்தீவுக்குச் சுற்றுலா போகிறவருக்கு விமான நிலையத்திலேயே 30 நாள் விசா தருகிறார்கள். அதற்குக் கட்டணமே கிடையாது. அந்த விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். வேலைக்கு வருகிறவருக்கு, வேலை கொடுப்பவர் அந்த நாட்டு அரசிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். காசே இல்லாத விசாவுக்கு ஐம்பதாயிரம் கேட்கிறார் ஒருவர். என் படங்கள் அவருக்கு இலவச விளம்பரம்.

அந்த வெள்ளிக்கிழமை நான் படம் எதுவும் அனுப்பவில்லை. குரல் மட்டும்தான் போனது. அதுவரை சொல்லாததை எல்லாம் சொன்னேன்.

நாங்கள் மூன்று ஆசிரியைகள் ஓர் அறையில் இருப்பது. காய்கறி வாரம் ஒருமுறை படகில்தான் வரும் என்பது. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் அதுவும் வராது; சோறும் சூரையும்தான். முதல் படகுப் பயணத்தில் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தது. பூஜைக்கான சிலைகளை அந்நாட்டுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை என்பதால், அம்மா பையில் வைத்த சின்னப் பிள்ளையாரைக் கிளம்பும் நாளில் அம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்தது. மகனுக்குக் காய்ச்சல் என்றால் போனைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பது.

ஆச்சி இறந்ததையும் சொன்னேன். செய்தி வந்தபோது இரண்டு நாளாகப் படகு ஓடவில்லை. விமானம் பிடிக்க வேண்டுமென்றாலும் முதலில் அந்தத் தீவை விட்டுக் கிளம்ப வேண்டுமே. என்னைத் தூக்கி வளர்த்த ஆச்சியை வீடியோ காலில்தான் வழியனுப்பினேன். நடுவில் சிக்னல் போய்விட்டது.

“அன்னைக்கு வெள்ளிக்கிழமை. உங்களுக்கு நான் ஆமை படம் அனுப்புனேன். ஞாபகம் இருக்கா?” என்று கேட்டு முடித்தேன். பதிலுக்கு வெகுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு தமிழ் டீச்சர் அக்கா மட்டும் ஒரு வரி போட்டார்: “பிள்ளைகள் பெல் அடித்தும் எழுந்திருக்கவில்லை.”

அந்த அண்ணனுக்குத் தனியாக நான்கு விஷயம் சொன்னேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார். பதிவு பெற்றவர்கூட சேவைக் கட்டணமாக ₹30,000-ம் அதற்கான ஜி.எஸ்.டி-யும்தான் வாங்கலாம், ரசீது கேள். வேலை ஒப்பந்தத்தையும் அனுமதிக் கடிதத்தையும் கண்ணால் பார்க்காமல் பைசா கொடுக்காதே. பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவைக்காதே.

பையன் ஏஜென்ட்டிடம் அனுமதிக் கடிதத்தைக் கேட்டான். “வந்துரும்” என்றார். மறுபடி கேட்டான். “எம்மேல நம்பிக்கை இல்லையா?” என்றார். மூன்றாம் முறை போன் எடுக்கப்படவில்லை. இருபதாயிரம் போனது போனதுதான். சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

வெளிநாட்டுக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. நானே போனவள். என் வீட்டுக் கடன் அடைவதும் அந்தச் சம்பளத்தில்தான். ஆனால், போனவர்கள் திரும்பிப் பேசும்போது பாதியை மட்டும் பேசினால், அடுத்து கிளம்புகிறவர் அந்தப் பாதியை நம்பித்தான் கிளம்புகிறார்.

கோட்டைத் தாண்டிய நாள்

அதற்குப் பிறகு கேள்விகள் மாறின. “கடல் என்ன கலர்?” போய், “மழைத்தண்ணிய எப்படிச் சேத்து வைக்காங்க?”, “கடல் மட்டம் ஏறுனா அந்தப் பிள்ளைங்க எங்க போவாங்க?” என்று வந்தன. கடைசிக் கேள்விக்கு லேசாகப் பதில் சொல்ல முடியாது. அந்த நாட்டில் இயற்கையான மிக உயர்ந்த இடமே சுமார் 2.4 மீட்டர்தான். நம் வகுப்பறைக் கூரையைவிடத் தாழ்வு. 2009இல் அப்போதைய அதிபர் முகமது நஷீத், உலகத்தின் கவனத்தை இழுக்க, அமைச்சரவைக் கூட்டத்தையே கடலுக்கடியில் நடத்தினார்.

என் மாலத்தீவு மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டேன். ஒரு பெண் சொன்னாள்: “அதுக்கு முன்னாடியே நாங்க போயிருவோம் மிஸ்.” சின்னத் தீவுகளில் பத்தாம் வகுப்பு முடிந்ததும் மேலே படிக்க மாலேவுக்கோ வேறு பெரிய தீவுக்கோ போகிறார்கள் பலர். பதினாறு வயதில் பெட்டி கட்டுகிற பிள்ளைகள் அவர்கள். ஊரை விட்டுப் போவதைப் பற்றி அவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பள்ளி விடுமுறையில் நாங்கள் ஆசிரியைகள் சிலர் ஒரு படகில் ஃபுவமுலா தீவுக்குப் போனோம். ஹுவதுவுக்கும் ஃபுவமுலாவுக்கும் நடுவே உள்ள கடலில்தான் பூமத்திய ரேகை ஓடுகிறது. அலை தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு கையில் படகின் கம்பி, மறு கையில் போன். ஜி.பி.எஸ். எண் குறைந்துகொண்டே வந்து பூஜ்யமாகி, ‘வடக்கு’ என்ற எழுத்து ‘தெற்கு’ ஆனது. கடலில் கோடு ஏதும் இல்லை. நான் மட்டும் கத்தினேன். படகோட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் மாதம் இருமுறை தாண்டுகிறவர்.

வகுப்பில் ஒருவன் உடனே கேட்டான்: “அந்தப் பக்கம் வாஷ்பேசின்ல தண்ணி மாத்திச் சுத்துமா டீச்சர்? யூடியூப்ல பாத்தேன்.” ஃபுவமுலாவில் மூன்று வாஷ்பேசினில் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒன்று இடது, இரண்டு வலது. பூமியின் சுழற்சி அவ்வளவு சின்னத் தொட்டியைத் திருப்பாது. தொட்டியின் அமைப்பும் தண்ணீர் விழும் விதமும்தான் திருப்பும். ஆனால் புயலைத் திருப்பும். பூமத்திய ரேகைக்கு மிக அருகில் அந்தத் திருப்பம் இல்லாததால்தான் அங்கே புயல் உருவாவது மிக அரிது. ஒக்கிப் புயலைப் பார்த்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பாடமல்ல, வீட்டுச் செய்தி.

குச்சியும் நிழலும்

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மார்ச் 21 வாக்கில் சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வரும். எங்கள் தீவு அந்தக் கோட்டுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. அன்று உச்சிவேளையில் அங்கே நிமிர்ந்து நிற்கும் எதற்கும் நிழல் விழாது. தூத்துக்குடியில் விழும். அந்த வித்தியாசத்தை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிடலாம். 2,200 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தில் எரடோஸ்தனீஸ் செய்த வழி இதுதான்.

இரண்டு வகுப்பும் தயாரானது. இரண்டு ஊரிலும் ஒரு மீட்டர் குச்சி. செங்குத்தா என்று பார்க்க நூலில் கட்டிய கல். தீவில் என் பிள்ளைகள் பதினான்கு பேரும் மைதானத்தில் வட்டமாக நின்றார்கள். பன்னிரண்டே கால் வாக்கில் நிழல் சுருங்கிச் சுருங்கி, குச்சியின் காலடிக்குள் போய்விட்டது. “மிஸ், நம்ம நிழல யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க!” என்று ஒரு பொடியன் குதித்தான்.

ஊரிலிருந்து செய்தி வந்தது. அங்கே மிகக் குட்டையான நிழல் 15 செ.மீ. கரும்பலகையில் முக்கோணம் வரைந்து பாகைமானியால் அளந்தார்கள். “ஒன்பது டிகிரி டீச்சர்.” வட்டத்துக்கு 360 டிகிரி. அதில் ஒன்பது, நாற்பதில் ஒரு பங்கு. அட்லஸில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் வடக்கு–தெற்காக ஏறத்தாழ 950 கிலோமீட்டர். நாற்பதால் பெருக்கினார்கள்.

38,000 கிலோமீட்டர்.

உண்மையான அளவு சுமார் 40,000. பிழை ஐந்து சதவீதம்தான். இரண்டு குச்சி, ஒரு பாகைமானி, இரண்டு போன். பூமியை அளந்துவிட்டார்கள். அந்தக் கணக்கைப் போட்டு முடித்தவள் யார் தெரியுமா? அந்தப் பதினோரு விநாடிக் குரல்காரிதான்.

சூரியன் அங்கிருந்து நிற்காமல் வடக்கே வந்தது. மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், தூத்துக்குடியிலும் நிழல் இல்லாத நாள். “எங்க நிழலையும் காணோம் டீச்சர்” என்று நாற்பத்தொரு குரல் ஒன்றாக வந்தது. நான் அதை என் தீவு வகுப்பில் போட்டுக் காட்டினேன். ஒரு சொல்கூடப் புரியாமல் அவர்களும் கைதட்டினார்கள்.

வலமிருந்து இடமாக

ஒப்பந்தம் முடிந்து விடுமுறையில் ஊருக்கு வந்தேன். பிள்ளைகள் பவளம் கேட்டிருந்தார்கள். பவளப்பாறையைப் பெயர்த்து நாட்டைவிட்டுக் கொண்டுபோக அங்கே சட்டம் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் எடுத்திருக்க மாட்டேன். அந்தத் தீவுகள் நிற்பதே அதன் மேல்தான்.

பதிலாக நாற்பத்தொரு அட்டைகள் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். எழுதியவர்கள் என் மாலத்தீவு மாணவர்கள். அவர்களுடைய தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். அதில் இன்னொரு வேடிக்கை உண்டு. முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்கள் ஒன்று முதல் ஒன்பதுவரை உள்ள வடிவங்களிலிருந்து வந்தவை. எண்களிலிருந்து எழுத்தைச் செய்துகொண்ட மொழி அது!

அவள் தன் அட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “அண்ணன் துறைமுகத்துல ஒரு கம்பெனில வேலைக்குப் போறான் டீச்சர். மெஷின் ஓட்டப் பழகுறான். நல்லாப் பழகிட்டு, பேப்பரெல்லாம் சரியா இருந்தா வெளிநாடு போவானாம். அம்மாகிட்ட சொல்லிட்டான்.”

கடன் இன்னும் கொஞ்சம் மிச்சம். ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டித்திருக்கிறேன். மகனுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும்தான். ஆனாலும் பெட்டி கட்டுகிறேன். வகுப்பில் விடைபெற்று வாசலுக்கு வந்தபோது அவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

“போட்டோ அனுப்புங்க டீச்சர். படகு வராத நாள் போட்டோவும்.”